சி.எஸ்.ஆர். ரசீது எஃப்.ஐ.ஆர். ஆகாது: பாலியல் வன்கொடுமைக்கு ஆளானவருக்குச் சட்டம் தரும் பாதுகாப்பு

தமிழ்நாட்டில் புகாரோடு காவல் நிலையத்துக்குப் போனவர் திரும்பும்போது கையில் இரண்டு தாள்களில் ஒன்று இருக்கும். ஒன்று எஃப்.ஐ.ஆர். எனப்படும் முதல் தகவல் அறிக்கை. இன்னொன்று சி.எஸ்.ஆர். ரசீது. சமுதாய சேவைப் பதிவேட்டில் உங்கள் மனுவை ஏற்றிக்கொண்டோம் என்பதற்கான சீட்டு அது. தொலைந்துபோன சான்றிதழுக்கும் பக்கத்து வீட்டு வேலித் தகராறுக்கும் கொடுப்பது. பாலியல் வன்கொடுமைப் புகாருக்கு இந்தச் சீட்டைக் கொடுத்து, "விசாரிச்சுட்டுக் கூப்பிடறோம்மா, போயிட்டு வாங்க" என்று அனுப்பிவைத்தால் சட்டத்தின் கண்ணில் வழக்கே இன்னும் பிறக்கவில்லை. மருத்துவச் சிகிச்சையைத் தவிர்த்து மற்ற எல்லாமே, கைது, மாஜிஸ்திரேட் வாக்குமூலம், தடய அறிவியல் ஆய்வு, இழப்பீடு என எதுவானாலும், எஃப்.ஐ.ஆர். எண்ணைப் பிடித்துக்கொண்டுதான் நகரும்.

2013-லும் 2024-லும் நடந்த சட்டத் திருத்தங்களுக்குப் பிறகு, பாதிக்கப்பட்டவருக்கான உரிமைகள் ஏட்டில் நிறையவே இருக்கின்றன. வழக்குகள் பெரும்பாலும் உடைவது தீர்ப்பு நாளில் அல்ல, முதல் ஒரு வாரத்தில். புகாரில் விழுந்த ஒரு மங்கலான சொல், பிளாஸ்டிக் பையில் சுருட்டி வைத்த உடை, அழிந்துபோன சிசிடிவி பதிவு ஆகியவை இரண்டு வருடம் கழித்துக் குறுக்கு விசாரணையில்தான் வெளியே தெரியும். அப்போது சரிசெய்ய வழி இருக்காது. அதனால் இந்தக் கட்டுரை அந்த முதல் நாட்களிலேயே அதிக நேரம் நிற்கிறது.

2024 ஜூலை 1 முதல் இந்தியத் தண்டனைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதாவும் (பி.என்.எஸ்.), குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவும் (பி.என்.எஸ்.எஸ்.), சாட்சியச் சட்டத்தின் இடத்தில் பாரதிய சாக்ஷ்ய அதினியமும் வந்துவிட்டன. அந்தத் தேதிக்கு முன்பு நடந்த குற்றத்துக்குப் பழைய தண்டனைச் சட்டப் பிரிவுகளே பொருந்தும். பதினெட்டு வயது நிரம்பாதவர் என்றால், ஆணோ பெண்ணோ, குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் கூடவே வரும்.

புகாரில் எழுதும் சொல்

பழைய செய்தித்தாள்கள் "கற்பழிப்பு" என்று எழுதின. இழந்தது கற்பு என்றும், அதைக் காக்க வேண்டியவள் பெண் என்றும் அந்தச் சொல்லே தீர்ப்பு சொல்லிவிடுகிறது. இன்று "பாலியல் வன்கொடுமை", "வன்புணர்வு" என்று எழுதுகிறோம், நல்லது. ஆனால் புகார் மனுவில் இன்றும் விழுவது வேறு சொற்கள்: "தவறாக நடந்துகொண்டான்", "கெடுத்துவிட்டான்", "அசிங்கமாக நடந்தான்". வெட்கத்தாலும் வலியாலும் வருகிற சொற்கள் அவை. எழுதித் தருகிற அண்ணனோ அத்தையோ மேலும் மழுப்புவார்கள்.

இதில் பெரிய ஆபத்து இருக்கிறது. பி.என்.எஸ். 63-ஆம் பிரிவு சொல்லும் வன்புணர்வு என்பது ஆணுறுப்பு நுழைப்பது மட்டுமல்ல. பெண்ணின் பிறப்புறுப்பிலோ ஆசனவாயிலோ விரலையோ வேறு பொருளையோ நுழைத்தாலும், வாயில் ஆணுறுப்பை நுழைத்தாலும், பிறப்புறுப்பில் வாய் வைத்தாலும் அது வன்புணர்வுதான். எந்த அளவுக்கு நுழைந்தது என்பது கணக்கில்லை. 64-ஆம் பிரிவின்படி குறைந்தபட்சத் தண்டனை 10 ஆண்டு. "தவறாக நடந்துகொண்டான்" என்று மட்டும் மனுவில் இருந்தால், பதிவாவது 74-ஆம் பிரிவாக இருக்கும். மானபங்கம் செய்யும் நோக்கில் தாக்கியதற்கான அந்தப் பிரிவில் தண்டனை 1 முதல் 5 ஆண்டு வரைதான். பின்னால் மாஜிஸ்திரேட்டிடம் முழு விவரத்தையும் சொல்லும்போது, "முதல் புகாரில் இது இல்லையே, யாரோ சொல்லிக்கொடுத்தது" என்று எதிர்த்தரப்பு வழக்கறிஞர் பிடித்துக்கொள்வார்.

ஆகவே புகாரில் உடலின் எந்த இடத்தில், எதைக் கொண்டு, என்ன செய்யப்பட்டது என்பது நேரடிச் சொற்களில் இருக்க வேண்டும். வட்டாரச் சொல் போதும். சட்டச் சொல்லோ பிரிவு எண்ணோ தேவையில்லை, அதைப் போடுவது காவல் துறையின் வேலை. இடம், ஏறக்குறைய நேரம், மிரட்டிய வார்த்தைகள், கூட இருந்தவர்கள், மயக்க மருந்து கொடுத்ததாகச் சந்தேகம் இருந்தால் அது, ஃபோனில் படம் எடுத்திருந்தால் அது, எல்லாம் வரட்டும். நினைவில்லாததை நினைவில்லை என்றே எழுதலாம். ஊகித்து நிரப்பிய நேரமும் தேதியும்தான் பின்னால் முரண்பாடாகின்றன. பயத்தில் உறைந்துபோய் எதிர்க்காமல் இருந்திருந்தால் அதையும் அப்படியே சொல்லலாம். உடலால் எதிர்க்கவில்லை என்பதை மட்டும் வைத்துச் சம்மதம் என்று கொள்ளக் கூடாது என 63-ஆம் பிரிவே சொல்கிறது.

தாமதமாக வந்தவர்களுக்கும் கதவு மூடவில்லை. மூன்றாண்டுக்கு மேல் தண்டனை உள்ள குற்றங்களுக்குக் காலவரம்பு கிடையாது. ஏன் தாமதம் என்பதை ஒரு வரியாவது புகாரிலேயே எழுதிவிட வேண்டும்: மிரட்டல், குடும்ப மானம் என்ற பயம், மருத்துவமனையில் கிடந்தது, எதுவோ அது. பாலியல் வழக்கில் தாமதத்தை மட்டும் வைத்துப் புகாரைச் சந்தேகிக்கக் கூடாது என்றும், பாதிக்கப்பட்டவரின் சாட்சியம் நம்பும்படி இருந்தால் அதுவே தண்டனைக்குப் போதும் என்றும் உச்ச நீதிமன்றம் 1996-ல் பஞ்சாப் மாநிலம் எதிர் குர்மீத் சிங் வழக்கில் தெளிவாகச் சொல்லியிருக்கிறது.

மேசைக்கு இந்தப் பக்கம்

பி.என்.எஸ்.எஸ். 173-ஆம் பிரிவின்படி எந்தக் காவல் நிலையத்திலும் புகார் கொடுக்கலாம். "சம்பவம் நடந்தது எங்க லிமிட் இல்லை" என்ற பதில் இனி செல்லாது. அவர்கள் பதிவு செய்து உரிய நிலையத்துக்கு அனுப்ப வேண்டும். இதைத்தான் ஜீரோ எஃப்.ஐ.ஆர். என்கிறோம். அனைத்து மகளிர் காவல் நிலையத்துக்குத்தான் போக வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. மின்னணு வழியிலும் தகவல் தரலாம். மூன்று நாட்களுக்குள் நேரில் கையெழுத்திட்டால் போதும். பாலியல் குற்றங்களில் பெண்ணின் வாக்குமூலத்தைப் பெண் அதிகாரிதான் பதிய வேண்டும். மாற்றுத்திறனாளி என்றால் அவர் வீட்டுக்கோ அவர் சொல்லும் இடத்துக்கோ அதிகாரி வர வேண்டும், சைகை மொழிபெயர்ப்பாளரோ சிறப்புக் கல்வியாளரோ உடனிருக்க வேண்டும், வீடியோ பதிவும் உண்டு. போக்சோ வழக்கில் குழந்தையிடம் பேசும் அதிகாரி சீருடையில் இருக்கக் கூடாது.

எழுதி முடித்ததும் வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். இது சலுகை இல்லை, சட்டம் விதித்த கடமை. எழுத்தர் தன் பழக்கத்துக்கு ஏற்ற வாசகங்களில் எழுதுவார். "நாங்கள் இருவரும் பழகி வந்த நிலையில்" என்ற ஒரு தொடரை அவர் சாதாரணமாகப் போட்டுவிடலாம். சம்மதம் பற்றிய வாதம் முழுவதும் பிறகு அதன் மேல்தான் கட்டப்படும். நீங்கள் சொல்லாத வரி இருந்தால் திருத்திய பிறகுதான் கையெழுத்து. நகல் இலவசம், அன்றைக்கே வாங்க வேண்டும்.

பதிய மறுத்தால்? கைது செய்யத்தக்க குற்றம் பற்றித் தகவல் கிடைத்தால் எஃப்.ஐ.ஆர். போட்டே ஆக வேண்டும் என்று லலிதா குமாரி வழக்கில் 2013 நவம்பரில் அரசியல் சாசன அமர்வு சொல்லிவிட்டது. புதிய சட்டத்தில் 14 நாள் முதற்கட்ட விசாரணை என்று ஒன்று உண்டு. அது மூன்று ஆண்டு முதல் ஏழு ஆண்டுக்குக் குறைவான தண்டனை உள்ள குற்றங்களுக்கு மட்டும்தான், வன்புணர்வுக்குப் பொருந்தாது. மேலும், இத்தகைய புகாரைப் பதியத் தவறும் அரசு ஊழியருக்கு பி.என்.எஸ். 199-ஆம் பிரிவில் 6 மாதம் முதல் 2 ஆண்டு வரை கடுங்காவல் உண்டு. இந்தப் பிரிவைச் சத்தம் போடாமல் ஒருமுறை குறிப்பிட்டாலே பல இடங்களில் பேச்சு மாறும்.

அப்படியும் நகரவில்லை என்றால் புகாரின் சாரத்தை மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கு (எஸ்.பி.), மாநகரம் என்றால் ஆணையருக்கு, ஒப்புகை கிடைக்கும்படி தபாலில் அனுப்ப வேண்டும். அதற்கும் பலனில்லை என்றால் பி.என்.எஸ்.எஸ். 175(3)-ஆம் பிரிவில் மாஜிஸ்திரேட்டிடம் மனு. இந்த மனுவோடு பிரமாணப் பத்திரமும், எஸ்.பி.க்கு அனுப்பியதற்கான ஆதாரமும் இருக்க வேண்டும். தபால் ரசீதைத் தொலைத்துவிட்டு மனு திருப்பி அனுப்பப்படுவது அடிக்கடி நடக்கிற தவறு.

இதற்கெல்லாம் வழக்கறிஞருக்குப் பணம் இல்லையே என்றால், 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையங்கள் சட்டப்படி பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமான வரம்பே இல்லாமல் இலவச வழக்கறிஞர் உண்டு. மாவட்ட நீதிமன்ற வளாகத்திலேயே சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகம் இருக்கும், தொலைபேசியில் 15100. உடனடி உதவிக்கு 112, பெண்களுக்கு 181, குழந்தைகளுக்கு 1098. 181-ஐ அழைத்தால் மாவட்டத்தின் ஒருங்கிணைந்த சேவை மையத்தோடு இணைப்பார்கள். அங்கே சில நாள் தங்கவும் இடம் உண்டு. வீட்டுக்குள்ளேயே குற்றவாளி இருக்கும்போது அந்த இடம்தான் முதல் தேவை.

மருத்துவமனை: 72 மணி நேரக் கணக்கு

எஃப்.ஐ.ஆர். இல்லாமலேயே நேராக மருத்துவமனைக்குப் போகலாம். பலருக்கு இது தெரிவதில்லை; ஸ்டேஷன் வாசலில் காத்திருந்தே ஒரு பகல் போய்விடும். பி.என்.எஸ்.எஸ். 397-ஆம் பிரிவின்படி அரசு, தனியார் என்ற வேறுபாடின்றி எல்லா மருத்துவமனைகளும் உடனே இலவசமாக முதலுதவியோ சிகிச்சையோ தர வேண்டும். மறுத்தால் பி.என்.எஸ். 200-ஆம் பிரிவில் ஓராண்டு வரை சிறை. மருத்துவமனை காவல் துறைக்குத் தகவல் சொல்லும். ஆனாலும் வழக்கு வேண்டாம் என்று சொல்ல வயது வந்த பெண்ணுக்கு உரிமை உண்டு. மருத்துவர் அந்த மறுப்பை எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு சிகிச்சையைத் தொடர வேண்டும். போலீஸ் வரட்டும் என்று சிகிச்சையை நிறுத்திவைக்கக் கூடாது.

மருத்துவத்தில் முதல் கடிகாரம் எச்.ஐ.வி. தடுப்பு மருந்துக்கானது. எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. 72 மணி நேரம் தாண்டினால் பலன் இருக்காது. 28 நாள் விடாமல் எடுக்க வேண்டும். குமட்டல் வருகிறது என்று நடுவில் நிறுத்திவிடுவதுதான் இங்கே நடக்கும் தவறு. மருத்துவரிடம் சொன்னால் அதற்கும் மாத்திரை தருவார். அவசரக் கருத்தடை மாத்திரை 72 மணி நேரத்துக்குள் சிறப்பாக வேலை செய்யும், ஐந்து நாள் வரை கொடுப்பதுண்டு. மாத்திரை போட்ட இரண்டு மணி நேரத்துக்குள் வாந்தி எடுத்தால் மறுபடி போட வேண்டும். பால்வினைத் தொற்றுக்கான மருந்து, ஹெபடைடிஸ் பி தடுப்பூசி, டெட்டனஸ் ஊசி ஆகியவையும் சிகிச்சையில் சேரும்.

சாட்சியத்துக்கும் அதே 72 மணி நேரம்தான். உடலிலிருந்து எடுக்கும் மாதிரிகளுக்கு அதுதான் பொதுவான எல்லை. அதற்குள் குளிக்காமல், வாய் கொப்பளிக்காமல், உடை மாற்றாமல் போனால் நல்லது. ஆனால் குளித்துவிட்டேன், துணியைத் துவைத்துவிட்டேன் என்று வீட்டிலேயே இருந்துவிட வேண்டாம். காயங்கள் இருக்கலாம், நகத்தடியில் தோல் துணுக்கு இருக்கலாம், துவைத்த துணியிலும் சில நேரம் கறை மிஞ்சும். குளித்ததையும் மாற்றியதையும் மருத்துவரிடம் சொன்னால் படிவத்தில் அதற்கென்றே இடம் இருக்கிறது. மாதிரியில் விந்தணு கிடைக்காததற்கு அந்தக் குறிப்பே பிறகு நீதிமன்றத்தில் விளக்கமாக நிற்கும்.

உடையைப் பற்றி ஒரு சின்ன விஷயம். வீட்டில் கைக்குக் கிடைப்பது கடை கேரிபேக்தான். ஈரத்தோடு அதில் போட்டு முடிச்சுப் போட்டால் இரண்டு நாளில் பூஞ்சை பூத்து டி.என்.ஏ. சிதைந்துவிடும். நிழலில், விசிறிக் காற்று நேராகப் படாமல் உலர்த்தி, ஒவ்வொரு துணியையும் தனித்தனியாகக் காகித உறையில் அல்லது சுத்தமான காகிதத்தில் மடித்து வைக்க வேண்டும். உதறக் கூடாது, ஒன்றோடொன்று சேர்க்கக் கூடாது. நாப்கின், படுக்கை விரிப்பு எல்லாவற்றுக்கும் இதே முறை. மயக்க மருந்துச் சந்தேகம் இருந்தால் போனதும் முதலில் அதைச் சொல்லி, ரத்தமும் சிறுநீரும் எடுக்கச் சொல்லுங்கள். உடலில் அது தங்கும் நேரம் மிகக் குறைவு.

பரிசோதனைக்குச் சம்மதம் கட்டாயம். எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே சம்மதம் இல்லை. சிகிச்சைக்குச் சரி, உட்பரிசோதனை வேண்டாம் என்றும் சொல்லலாம். இருவிரல் பரிசோதனை கூடவே கூடாது. 2013-லேயே உச்ச நீதிமன்றம் அதைத் தவறு என்றது. 2022 அக்டோபர் 31 அன்று ஜார்க்கண்ட் வழக்கில், அதைச் செய்பவர் ஒழுங்கீனம் புரிந்தவர் ஆவார் என்றே தீர்ப்பளித்தது. மருத்துவ அறிக்கையில் "உடலுறவுக்குப் பழக்கப்பட்டவர்" என்ற வாசகம் இருந்தால் அது சட்டத்துக்குப் புறம்பானது. முந்தைய பாலியல் அனுபவம் சம்மதத்துக்குச் சான்றாகாது என்று சாட்சியச் சட்டமே சொல்கிறது.

வெளியே வரும்போது கையில் இருக்க வேண்டிய தாள், நம் அரசு மருத்துவமனைகளில் ஏ.ஆர். காப்பி என்று எல்லோரும் சொல்கிற விபத்துப் பதிவேட்டு நகல். அவசர சிகிச்சைப் பிரிவில் முதலில் பார்த்த மருத்துவர் அவசரத்தில் கிறுக்குவது இது. "தெரிந்த ஒரு நபரால்" என்பதற்கும் "தெரியாத ஒரு நபரால்" என்பதற்கும் இடையில் இருப்பது ஓரெழுத்துதான். வழக்கில் அந்த ஓரெழுத்தை வைத்து அரை நாள் குறுக்கு விசாரணை நடக்கும். அங்கேயே படித்துப் பாருங்கள். முழுப் பரிசோதனை அறிக்கையை ஏழு நாட்களுக்குள் விசாரணை அதிகாரிக்கு அனுப்ப வேண்டும் என்கிறது பி.என்.எஸ்.எஸ். 184. பாதிக்கப்பட்டவருக்கும் அதன் நகல் இலவசமாக உண்டு.

கர்ப்பம் என்றால், 2021 திருத்தத்தின்படி பாலியல் வன்கொடுமைக்கு ஆளானவருக்கு 24 வாரம் வரை கலைத்துக்கொள்ளும் உரிமை உண்டு. 20 வாரம் வரை ஒரு மருத்துவரின் கருத்து, அதற்கு மேல் இருவரின் கருத்து. வயது வந்தவருக்கு அவர் சம்மதம் மட்டும் போதும். கணவர் கையெழுத்தோ பெற்றோர் கையெழுத்தோ கேட்க இடமில்லை. 24 வாரம் கடந்தால் உயர் நீதிமன்றம் போக வேண்டிவரும். இதில் ஒவ்வொரு நாளும் கணக்கு. கலைத்த திசுவை டி.என்.ஏ. ஆய்வுக்குப் பாதுகாத்து அனுப்பும்படி விசாரணை அதிகாரிக்கும் மருத்துவமனைக்கும் முன்கூட்டியே எழுத்தில் கொடுத்துவிட வேண்டும். மருத்துவக் கழிவோடு அது போய்விட்டால் வழக்கின் மிக வலுவான சான்று போய்விடும்.

ஃபோனும் கேமராவும்

மிரட்டல் செய்தி, வீடியோ, அழைப்புப் பதிவு எதையும் அழிக்காதீர்கள், பார்க்கவே அருவருப்பாக இருந்தாலும். ஸ்கிரீன்ஷாட் மட்டும் போதாது, அந்தச் செய்தி வந்த ஃபோனே சான்று. மின்னணுப் பதிவை நீதிமன்றத்தில் சேர்க்க சாக்ஷ்ய அதினியம் 63-ஆம் பிரிவின் சான்றிதழ் வேண்டும், பதிவு மாற்றப்படவில்லை என்று காட்டும் ஹாஷ் மதிப்போடு. விசாரணை அதிகாரி ஃபோனைக் கைப்பற்றினால் கைப்பற்றியதைப் பதியும் மகஜரின் நகலையும் அதில் ஃபோனின் தனி அடையாளமான ஐ.எம்.இ.ஐ. எண் சரியாக இருக்கிறதா என்பதையும் பாருங்கள். கடை, விடுதி, தெருக் கேமராக்களின் பதிவு சில நாட்களிலோ வாரங்களிலோ தானாக மேலெழுதப்பட்டுவிடும். எந்தக் கேமரா, எந்த நேரம் என்று குறிப்பிட்டு, பதிவைக் கைப்பற்றும்படி அதிகாரிக்கு எழுத்தில் மனு கொடுத்து நகலில் கையெழுத்து வாங்குவது நல்லது. பொள்ளாச்சி வழக்கில் 2025 மே 13 அன்று கோவை மகளிர் நீதிமன்றம் ஒன்பது பேருக்கும் சாகும்வரை ஆயுள் சிறை விதித்ததில் மின்னணுச் சான்றுகளுக்குப் பெரும் பங்கு உண்டு.

மக்கள் வாயில் இன்னும் 164

மாஜிஸ்திரேட்டிடம் தரும் வாக்குமூலம் இப்போது பி.என்.எஸ்.எஸ். 183-ஆம் பிரிவு. ஆனாலும் நீதிமன்ற வளாகத்தில் எல்லோரும் பழைய சட்டத்தின் பிரிவு எண்ணில் "ஒன் சிக்ஸ்டி ஃபோர்" என்றே சொல்கிறார்கள். கூடுமானவரை பெண் மாஜிஸ்திரேட். அவர் இல்லாவிட்டால் ஆண் மாஜிஸ்திரேட் ஒரு பெண் முன்னிலையில் பதிவு செய்வார். அறையில் போலீஸ் இருக்கக் கூடாது. பாதிக்கப்பட்டவரை 24 மணி நேரத்துக்குள் அழைத்துச் செல்வது நல்லது என்று 2014-ல் உச்ச நீதிமன்றம் வழிகாட்டியது. குற்றப்பத்திரிகை தாக்கலாகும்வரை அந்த வாக்குமூலம் குற்றம் சாட்டப்பட்டவரின் கைக்குப் போகக் கூடாது.

போவதற்கு முன் எஃப்.ஐ.ஆர். நகலைப் படித்துக்கொள்ளுங்கள். மனப்பாடம் செய்ய அல்ல, அதில் பிழை இருந்தால் அதை மாஜிஸ்திரேட்டிடம் சொல்லித் திருத்த அதுதான் இடம் என்பதால். "அன்று ஸ்டேஷனில் இதைச் சொல்ல முடியவில்லை, இன்ன காரணம்" என்று அங்கே சொன்னது பதிவானால், பிறகு முரண்பாடு என்ற வாதத்தின் பல் பிடுங்கப்பட்டுவிடும். இந்த வாக்குமூலம் மட்டுமே தண்டனைக்கான சாட்சியம் ஆகாது; நீதிமன்ற விசாரணையில் நேரில் மீண்டும் சொல்ல வேண்டியிருக்கும். பலர் இதை அறியாமல், எல்லாம் சொல்லி முடித்துவிட்டோம் என்று நிம்மதியாகிவிடுகிறார்கள். இரண்டாண்டு கழித்துச் சம்மன் வரும்போது அதிர்ந்துபோகிறார்கள்.

காவல் துறை தன் விசாரணையை முதல் தகவல் பதிந்த நாளிலிருந்து இரண்டு மாதத்தில் முடிக்க வேண்டும் என்கிறது 193-ஆம் பிரிவு. 90 நாட்களுக்குள் முன்னேற்றத்தைப் பாதிக்கப்பட்டவருக்குத் தெரிவிக்கவும் வேண்டும். 90 என்ற எண் இன்னொரு வகையிலும் முக்கியம்: குற்றம் சாட்டப்பட்டவர் காவலில் வைக்கப்பட்ட நாளிலிருந்து 90 நாட்களுக்குள் குற்றப்பத்திரிகை தாக்கலாகாவிட்டால் அவருக்குத் தானாகவே ஜாமீன் கேட்கும் உரிமை வந்துவிடும். 60-ஆம் நாளை காலண்டரில் குறித்துவைத்து, தடய அறிவியல் அறிக்கை வந்ததா என்று எழுத்தில் கேளுங்கள்.

பெயர் வெளியே போனால்

பாதிக்கப்பட்டவரின் பெயரையோ அவரை அடையாளம் காட்டும் எதையுமோ வெளியிடுவது பி.என்.எஸ். 72-ஆம் பிரிவில் இரண்டாண்டு வரை சிறைக்குரிய குற்றம். பெயரை மட்டும் விட்டுவிட்டு ஊர், கல்லூரி, அப்பாவின் தொழில் என்று எழுதுவதும் இதற்குள் வரும். வாட்ஸ்ஆப்பில் ஃபார்வேர்ட் செய்பவரும் தப்ப முடியாது. பாலியல் குற்றத்தின் எஃப்.ஐ.ஆரை இணையத்தில் ஏற்றக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2018-ல் நிபுன் சக்சேனா வழக்கில் உறுதியாகச் சொன்னது.

இருந்தும் என்ன நடந்தது? பொள்ளாச்சி வழக்கில் 2019-ல் காவல் அதிகாரி செய்தியாளர்கள் முன் பெயரைச் சொன்னார், அரசாணையிலும் பெயர் வந்தது. உயர் நீதிமன்ற மதுரைக் கிளை 25 லட்சம் ரூபாய் இழப்பீடு தர உத்தரவிட்டது. 2024 டிசம்பரில் அண்ணா பல்கலைக்கழக மாணவியின் எஃப்.ஐ.ஆர். இணையத்தில் கசிந்தது, சென்னை உயர் நீதிமன்றம் 25 லட்சம் ரூபாய் இடைக்கால இழப்பீடும், மூன்று பெண் ஐ.பி.எஸ். அதிகாரிகள் கொண்ட சிறப்புப் புலனாய்வுக் குழுவும் அமைத்தது. காக்க வேண்டிய கையிலிருந்தே இரண்டு முறையும் தகவல் போயிருக்கிறது என்பது மனதை அறுக்கிற விஷயம். உயர் நீதிமன்றம் போனால் பொறுப்பை நிலைநாட்ட முடியும் என்பதையும் இந்த இரண்டு உத்தரவுகள் காட்டுகின்றன.

"பேசி முடிச்சுக்கலாம்"

எஃப்.ஐ.ஆர். பதிவான மறுநாள் ஊர்ப் பெரியவரோ கட்சிக்காரரோ வீட்டுக்கு வருவார். பணம், இல்லாவிட்டால் "கட்டி வைத்துவிடலாம்". சட்டப்படி இது சமரசம் செய்துகொள்ளக்கூடிய குற்றமே இல்லை. 2015-ல் சென்னை உயர் நீதிமன்றத்திலேயே ஒரு வன்புணர்வு வழக்கு சமரச மையத்துக்கு அனுப்பப்பட்டு, கடும் எதிர்ப்புக்குப் பின் அந்த உத்தரவு திரும்பப் பெறப்பட்டது. அதே சமயத்தில் உச்ச நீதிமன்றம் மதன்லால் வழக்கில், இத்தகைய குற்றத்தில் சமரசம் என்ற எண்ணத்துக்கே இடமில்லை என்றது. 2021-ல் அபர்ணா பட் வழக்கில், ஜாமீன் தரும்போது பாதிக்கப்பட்டவரைச் சந்திக்கச் சொல்வதோ திருமணத்தைப் பேசுவதோ கூடாது என்று எல்லா நீதிமன்றங்களுக்கும் கட்டளையிட்டது.

மிரட்டல் வந்தால் 2018-ஆம் ஆண்டின் சாட்சிகள் பாதுகாப்புத் திட்டத்தில் மனு செய்யலாம். மாவட்ட நீதிபதி தலைமையிலான குழு அதைப் பார்க்கும். ஆபத்து பற்றிய அறிக்கையைக் காவல் துறை ஐந்து வேலை நாட்களுக்குள் தர வேண்டும். ரோந்து, வீட்டில் கேமரா, தொலைபேசி எண் மாற்றம், வேறிடத்தில் தங்கவைத்தல் வரை இதில் உண்டு. மனுவில் "பயமாக இருக்கிறது" என்று மட்டும் எழுதினால் ஒன்றும் நடக்காது. யார், எந்தத் தேதி, எந்த எண்ணிலிருந்து, என்ன சொன்னார் என்பது வேண்டும். ஜாமீனில் வந்தவர் மிரட்டியிருந்தால் அதே விவரங்களைக் கொண்டு ஜாமீனை ரத்து செய்யவும் கேட்கலாம். ஜாமீன் விசாரணை உட்பட ஒவ்வொரு கட்டத்திலும் பாதிக்கப்பட்டவர் தன் தரப்பைச் சொல்ல உரிமை உண்டு என்று 2022-ல் ஜக்ஜீத் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துள்ளது.

சாட்சிக் கூண்டு

விசாரணை மூடிய அறையில் நடக்க வேண்டும், கூடுமானவரை பெண் நீதிபதி முன். குற்றவாளியின் முகம் தெரியாதபடி திரை கேட்கலாம், காணொலி வழி சாட்சியமும் கேட்கலாம். குறுக்கு விசாரணைக் கேள்விகளை எழுதி நீதிபதியிடம் தந்து அவர் வழியாகக் கேட்கும் முறையை 2004-ல் சாக்ஷி வழக்கு அனுமதித்தது. போக்சோவில் அதுவே சட்டம். நடத்தையையோ பழைய உறவுகளையோ பற்றிக் கேட்டால் அரசு வழக்கறிஞர் எழுந்து ஆட்சேபிக்க வேண்டும். அவர் எழவில்லை என்றால் நீதிபதியைப் பார்த்து "இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டுமா அம்மா?" என்று நேரடியாகக் கேட்பதில் தவறில்லை. அரசு வழக்கறிஞருக்கு உதவியாக நம் சார்பில் ஒரு வழக்கறிஞரை வைத்துக்கொள்ளவும் சட்டம் இடம் தருகிறது. நல்ல வழக்கறிஞர் செய்யும் முதல் வேலை, சாட்சியத்துக்கு முன்பு காலியாக இருக்கும் நீதிமன்ற அறையைக் கொண்டுபோய்க் காட்டுவது: யார் எங்கே உட்காருவார், தண்ணீர் எங்கே, எந்த வாசல் வழியாக வர வேண்டும்.

இழப்பீடு

தீர்ப்புக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. தேசியச் சட்டப் பணிகள் ஆணையத்தின் 2018-ஆம் ஆண்டுத் திட்டத்தில் வன்புணர்வுக்கு 4 முதல் 7 லட்சம், கூட்டு வன்புணர்வுக்கு 5 முதல் 10 லட்சம் ரூபாய். எஃப்.ஐ.ஆர். நகல், மருத்துவ அறிக்கை, வங்கிக் கணக்கு விவரத்தோடு மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் விண்ணப்பம். இடைக்கால உதவியை அதே தாளில் தனியாகக் கேட்க வேண்டும், கேட்காவிட்டால் வராது. பொதுவாக 75 விழுக்காட்டைக் குறைந்தது மூன்று ஆண்டு வைப்புநிதியில் போட்டு 25 விழுக்காட்டைக் கையில் தருவார்கள். சிகிச்சைக்கோ படிப்புக்கோ அதிகம் தேவை என்றால் காரணம் காட்டிக் கேட்கலாம். போக்சோ வழக்கில் சிறப்பு நீதிமன்றமே எந்தக் கட்டத்திலும் இடைக்கால இழப்பீடு உத்தரவிடலாம்.

பாதிக்கப்பட்டவர் பட்டியல் சாதி அல்லது பழங்குடியைச் சேர்ந்தவர், குற்றவாளி அப்படியல்லாதவர் என்றால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் சேர வேண்டும். அதன் விதிகளில் வன்புணர்வுக்கு 5 லட்சம், கூட்டு வன்புணர்வுக்கு 8.25 லட்சம் ரூபாய் நிவாரணம். பாதி மருத்துவ அறிக்கைக்குப் பின், கால் பங்கு குற்றப்பத்திரிகையின்போது, மீதி நீதிமன்ற விசாரணை முடிந்ததும். முன்ஜாமீனும் கிடைக்காது. சாதிச் சான்றிதழை முதல் நாளே புகாரோடு கொடுக்காததால் இந்தப் பிரிவு விடுபடுவதை இன்றும் பார்க்கிறோம்.

சட்டம் கைவிடும் இடங்களையும் சொல்லியாக வேண்டும். பதினெட்டு வயதுக்கு மேற்பட்ட மனைவியைக் கணவர் வன்புணர்வதை பி.என்.எஸ். 63-ஆம் பிரிவு இன்னும் குற்றமாக ஏற்கவில்லை. பிரிந்து வாழ்பவர் என்றால் 67-ஆம் பிரிவு உண்டு; சேர்ந்து வாழ்பவருக்கு 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டமும் கொடுமைக்கான 85-ஆம் பிரிவும்தான் வழி. பழைய தண்டனைச் சட்டத்தின் 377-ஆம் பிரிவு போனபின், வயது வந்த ஆணுக்கு நடக்கும் வன்புணர்வுக்குப் பி.என்.எஸ்.ஸில் தனிப் பிரிவே இல்லை. திருநங்கை, திருநம்பியருக்கு எதிரான பாலியல் வன்முறைக்கு 2019-ஆம் ஆண்டின் தனிச் சட்டம் விதிப்பது அதிகபட்சம் இரண்டே ஆண்டு. ஒரே காயத்துக்கு உடலைப் பார்த்துத் தண்டனை மாறுவது அநீதி.

விடுதலைத் தீர்ப்பு வந்தாலும் அத்தோடு முடிந்துவிடாது. பி.என்.எஸ்.எஸ். 413-ஆம் பிரிவின்படி பாதிக்கப்பட்டவர் தானே மேல்முறையீடு செய்யலாம். அரசு செய்யும்வரை காத்திருக்கவோ தனி அனுமதி கேட்கவோ வேண்டாம். இழப்பீடு குறைவு என்றாலும் செய்யலாம். தர்மபுரி மாவட்டம் வாச்சாத்தியில் 1992 ஜூன் 20 அன்று அரசு ஊழியர்களால் 18 பெண்கள் வன்புணரப்பட்டார்கள். 2011-ல் தண்டனை வந்தது, தண்டிக்கப்பட்டவர்கள் மேல்முறையீடு செய்தார்கள், 2023 செப்டம்பர் 29 அன்று உயர் நீதிமன்றம் தண்டனையை உறுதிசெய்து ஒவ்வொரு பெண்ணுக்கும் 10 லட்சம் ரூபாய் தர உத்தரவிட்டது. முப்பத்தோரு ஆண்டுகள். அந்தப் பெண்கள் விடாமல் போராடினார்கள். தீர்ப்பு வாசிக்கப்படும் அன்றைக்கே சான்றிட்ட நகலுக்கு மனு போட்டுவிடுங்கள். உயர் நீதிமன்றச் சட்டப் பணிகள் குழு சென்னையிலும் மதுரையிலும் இருக்கிறது. அங்கும் வழக்கறிஞர் இலவசம்.